பேரை வெட்டி வாங்கிய பணம்

நான் கல்யாணமாகி மலையேறி வந்த வருஷம், எங்கள் லயத்தில் கடன் இல்லாத இளவட்டம் ஒன்றுகூடக் கிடையாது. லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த நீள வரிசை வீடு. சூரியநெல்லிப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும் இருந்தன. நிரந்தரத் தொழிலாளி என்பதால் என் வீட்டுக்காரர் பேருக்குக் கிடைத்தது அது. நான் தற்காலிகம். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் மட்டும் கூப்பிடுவார்கள்.

சம்பளத்துக்குச் சம்பளம் போடியிலிருந்து ஒரு தவணைக்காரர் ஜீப்பில் வருவார். ரேடியோ, கைக்கடிகாரம், நைலக்ஸ் சேலை, எவர்சில்வர் குடம் எல்லாம் கொண்டுவருவார். பொருளை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தை மாதாமாதம் வாங்கிக்கொள்வார். வயசானவர்களிடம் தன் ஜம்பம் சாயாது என்று அவருக்குத் தெரியும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வாசலாகப் பார்த்துத்தான் மூட்டையை அவிழ்ப்பார்.

"காசா கேட்டேன் தங்கச்சி? பொருளப் பாரு, பிடிச்சா வச்சுக்க" என்பார். பேச்சில் தேன் ஒழுகும்.

என் வீட்டுக்காரர் முதலில் ரேடியோ வாங்கினார், அப்புறம் வாட்ச்.

"சங்கு ஊதினா வேலைக்குப் போறோம், சங்கு ஊதினா வீட்டுக்கு வாறோம். ஒங்களுக்கு வாட்ச் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"லயத்துல எல்லாப் பயலும் கட்டியிருக்கான். நான் மட்டும் மொட்டக் கையோட திரியவா?" என்றார்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்று நானும் பெரிய மனுஷிபோலச் சொன்னேன். ஆனால் எனக்கென்று வாங்கிய நைலக்ஸ் சேலையை வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ஊதா நிறம். அதைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனபோது பூசை நேரத்திலேயே பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் தவணைக்குப் பணம் போதவில்லை. பஜாரில் வட்டிக்கு விடுகிறவரிடம் பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டினார். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். வட்டி குட்டி போட்டது. சம்பள நாளில் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே தவணைக்காரரும் வட்டிக்காரரும் காத்து நிற்பார்கள். இவர் எண்ணி முடிப்பதற்குள் கையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். ரேஷன் அரிசி வாங்க நான் பக்கத்து வீட்டில் கை நீட்ட வேண்டும். கடைசியில் தவணைக்காரர் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனார். பாக்கியை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்.

நான் மாசமாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து வட்டிக்காரர் லயத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இப்படியே வட்டி கட்டிக்கிட்டுக் கெடந்தா ஒம் பிள்ளையும் கட்டணும். பேரை வெட்டிட்டுப் பண்டுக் காச வாங்கு. ஒரே மூச்சுல தீத்துரு. அடுத்த சீசனுக்குப் பேரைத் திரும்பப் பதிஞ்சுக்கலாம்" என்றார்.

பேரை வெட்டுவது என்றால் வேலையை விடுவது. விட்டால்தான் சம்பளத்தில் பிடித்துவைத்த பண்டுக் காசு கைக்கு வரும். வேலை போனால் எங்கே இருப்பது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இங்கனதான் இருப்போம். நீ கொழுந்துக்குப் போறேல்ல, வீட்ட யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். தலைக்கு மேல் வெள்ளம் போனவனுக்குச் சாண் என்ன, முழம் என்ன?

பேரை வெட்ட எழுதிக்கொடுத்துப் பணம் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. வந்த அன்று ஆபீஸ் வாசலிலேயே இரண்டு பேரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்கிக்கொண்டு இவர் விசிலடித்தபடி வந்தார். "இனிமே ஒரு பயலுக்கும் பதில் சொல்ல வேண்டாம் புள்ள" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் ஆபீஸ் கிளார்க் வந்தார். மலையாளி, நல்ல மனுஷர். என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கணக்கு முடிஞ்சாச்சு. ஞாயறாழ்ச்சைக்குள்ள வீடு ஒழிஞ்சு தரணும், கேட்டோ. புது ஆளுக்கு எழுதியாச்சு."

"நான் வேலைக்குப் போறேனே சார்."

"டெம்பரவரிக்கு வீடில்ல மோளே."

பேரைத் திரும்பப் பதியலாமா என்று இவர் கேட்டார். கிளார்க் முடியாது என்று தலையை ஆட்டினார். வெட்டினது வெட்டினதுதான். அந்த வட்டிக்காரர்மேல் வந்ததைவிட என் வீட்டுக்காரர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "அந்தாளு சொன்னத என்ன எழவுக்கு நம்புனீங்க?" என்று லயமே கேட்கக் கத்தினேன். அவர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தோம். தங்குவதற்குத் தகர ஷெட், தரை முழுக்க ஈரம், படுக்கையில்கூட அட்டைப்பூச்சி. இனி ஒரு பைசா கடன் வாங்கமாட்டேன் என்று இவர் மாதாமேல் சத்தியம் செய்திருந்தார். ஒருநாள் மத்தியானம் எனக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள் தோட்டத்து மருத்துவச்சி. ஜீப்புக்குக் கொடுக்கக் கையில் காசில்லை.

தோட்டத்து மேஸ்திரி பணத்தோடு வந்தார். "முதலாளி அட்வான்ஸ் தாராரு. ஆனா அது வேலைல கழியிற வரைக்கும் ரெண்டு பேரும் வேற தோட்டத்துக்குப் போகக்கூடாது" என்றார். இவர் கையை நீட்டாமல் என்னைப் பார்த்தார்.

"வாங்குங்க! எம்புட்டுக் குடுத்தாலும் வாங்குங்க!" என்று நான்தான் கத்தினேன்.

பிள்ளை பிழைத்தது. அதற்குப் பால்பல் விழுந்து முளைக்கும்வரை எங்களால் அந்தத் தகர ஷெட்டை விட்டு அசைய முடியவில்லை.