கடிகாரம் அரை மணி முன்னே போன வருஷம்

போன வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடியின் தொழுகை அறைக்குள் நுழைந்தபோது, வாசலில் கைக்கு அடிக்க வைத்திருந்த கிருமிநாசினியின் வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு ஜெலப்பாங் தொழிற்சாலை வாடை. அங்கே ரேடியோ பலகைகளில் சோல்டர் பிடித்து முடித்ததும் இதே மாதிரி ஸ்பிரிட்டில்தான் துடைப்போம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே மணம் மணக்கும். ரசத்தை நிறைய ஊற்றிச் சமாளிப்பேன்.

அந்த வேலைக்குப் போக அத்தா லேசில் விடவில்லை. சிலிபினில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. உலக நடப்பெல்லாம் அங்கே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அலசப்படும். ஃபேக்டரிக்குப் போகிற பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று யாரோ ஓதிவிட்டார். ஓதியவருடைய மகளே பிறகு அங்கு வந்து சேர்ந்தாள், அது வேறு கதை. கடையோ அப்போது நொண்டியடித்துக்கொண்டிருந்தது. தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அத்தா நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஆபீஸில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து அம்மாவிடம் அவர் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"செருப்ப வெளிய கழட்டிடுறாங்க. கை கழுவுறாங்க. சீனப் புள்ளைலருந்து நம்ம புள்ளை வரைக்கும் ஒரு முடி தெரியாம தலைய மூடிருக்கு. பள்ளிவாசலுக்குள்ள போற மாதிரில்ல இருக்கு."

பலகையில் முடி விழுந்தால் சரக்கு கெட்டுப்போகும் என்று மாட்டிவிட்ட தொப்பி அது. முதலாளி தன் சரக்கைக் காப்பாற்றப் போட்ட சட்டம் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. நண்பகல் தொழுகையைப் பற்றி அத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "லுஹர் தவறக்கூடாது. தவறுச்சுன்னா வேல வேணாம்."

ஆரம்பத்தில் தவறவுமில்லை. சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை. ஒரு மணிக்குள் லுஹர் நேரம் வந்துவிடும். சாப்பிட்டு, கை கால் முகம் கழுவி ஒளு செய்து, ஸ்டோரில் பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் அட்டையை விரித்துத் தொழுதுவிடுவேன். மலாய்ப் பெண்களும் முறை வைத்து அங்கேதான் தொழுவார்கள். சாயங்காலம் தராசைத் துடைத்தபடி அத்தா கேட்பார், "தொழுதியா?" "தொழுதேன் அத்தா." எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

எண்பத்திரண்டு பிறந்தபோது, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கலாம். கடிகாரத்தைத் தள்ளினார்களே தவிர, சூரியன் எப்போதும்போல் தன் வழியே போனது. சாப்பாட்டு மணி பழைய கணக்கிலேயே அடித்தது. லுஹரோ ஒன்று இருபதையும் தாண்டிவிட்டது. அப்போது நான் சோல்டர் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். பிற்பகலில் இடைவேளை கிடையாது. கழிவறைக்குப் போவதென்றால் கையைத் தூக்க வேண்டும், மாற்றாள் வந்து உட்கார வேண்டும், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். போதாக்குறைக்கு அந்த மாதம் ஓவர்டைம் வேறு. வீடு வந்து சேரும்போது லுஹர் நேரம் முடிந்து, சூரியன் மறையும் மஃரிபே நெருங்கிவிடும்.

அந்த வாரத்தின் முதல் நாளே தவறிவிட்டது. "தொழுதியா?"

"இல்லத்தா. நேரம் போயிருச்சு. இனிமேதான் களா தொழணும்." காரணத்தையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். நான் போய்ப் படுத்து அழுதேன். தொழுகைக்காகத்தான் அழுதேன். முதல் தவணை கட்டியிருந்த தையல் மெஷினுக்காகவும் கொஞ்சம் அழுதிருக்கலாம்.

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் வோங்கிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று மலாயில் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். கடைசியில் சரசு அக்காவிடம் புலம்பினேன். எழுந்து போகிற பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மாற்றாள் அவர்தான். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பத்தோடு சிலிபினுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய விபூதி தொப்பிக்குக் கீழே எட்டிப் பார்க்கும். காலையில் கேட்டுக்கு முன்னால் நாங்கள் வரிசையில் நிற்பதைத் தோட்டத்துப் பழக்கத்தில் 'பெரட்டு' என்றே சொல்வார்.

"கக்கூஸ் போற அஞ்சு நிமிசம் இருக்குல்ல, அதுல தொழுவ முடியாதா?"

"கை கால் கழுவவே பாதி நேரம் போயிருமேக்கா."

"அத சாப்பாட்டு நேரத்துலயே செஞ்சிட்டு வந்துரு லா."

செய்யலாம்தான். ஆனால் வாயு பிரிந்தால்கூட ஒளு முறிந்துவிடும், அதுவரை தாங்க வேண்டுமே. விஷயம் அம்மாவின் காதுக்குப் போனதும் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பெத்தாய் சம்பல், முட்டைக்கோஸ், மொச்சை எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. சாப்பிட்டு வந்து நிக்காஹ் மேடையில் உட்கார்ந்த பெண்ணைப்போல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

வியாழக்கிழமை சரசு அக்கா வந்து தோளைத் தொட்டார். "எந்திரி புள்ள. போய்ட்டு வா." ஸ்டோருக்கு ஓடினேன். பாதித் தொழுகையில் காலடிச் சத்தம் கேட்டு, பக்கத்தில் வந்து நின்றது. தொடர்ந்து மிஸ் வோங்கின் இருமல். எனக்கு எத்தனையாவது ரக்அத் என்பதே மறந்துவிட்டது. சந்தேகம் வந்தால் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழ வேண்டும் என்பது சட்டம். அப்படியே தொழுதேன், ஐந்து நிமிடமும் தாண்டிவிட்டது. ஸலாம் கொடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. பெட்டி ஏற்றும் தள்ளுவண்டி வழியை மறித்தாற்போல் குறுக்கே நின்றது. சரக்கு எடுக்க வருகிற பையன்கள் உள்ளே வராதபடி மிஸ் வோங்தான் அதை இழுத்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

நான் வந்து உட்கார்ந்தபோது அவர் வரிசையின் கோடியில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் போவதற்கு முன்பே வண்டி அங்கே குறுக்கே நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் அத்தா கேட்டார். "இன்னிக்கும் தொழுதேன், நேத்தும் தொழுதேன்" என்றேன். அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். நீ இல்லன்னு சொன்னா நான் என்ன செய்வேன்னு நெனச்சு நாலு நாளா சோறு எறங்கல புள்ள."

அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். "ஒன் எடத்துல உக்காந்த புள்ளைக்குக் கடைல என்ன வேணுமோ எடுத்துட்டுப் போ" என்றார். சரசு அக்கா ஒரே ஒரு பொட்டலம் மசாலாத்தூள்தான் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அத்தா 'தொழுதியா' என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

சில மாதங்களில் சாப்பாட்டு நேரத்தையும் அரை மணி தள்ளிவைத்தார்கள். பல வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது சரசு அக்காவிடம் கேட்டேன், கைக்கடிகாரம் கட்டக்கூடாத இடத்தில் சரியாக நேரம் பார்த்து எப்படி வந்தீர்கள் என்று.

"கடிகாரத்தயா பாத்தேன்? அதத்தான் மாத்திட்டானுங்களே. ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன் லா."

அந்தத் தொழிற்சாலையை மூடி வெகுகாலம் ஆயிற்று. கட்டடம் இப்போது நாற்காலி மேசைக் கிடங்கு. மிஸ் வோங் எங்கே போனாரோ தெரியவில்லை. சரசு அக்கா தெலுக் இந்தானில் மகனோடு இருக்கிறார், அத்தா இல்லை. கைப்பேசி நொடி பிசகாமல் பாங்கு சொல்கிறது, அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்து எழுப்பிவிடத்தான் ஆளில்லை. லுஹர் மட்டும், அல்ஹம்துலில்லாஹ், தவறவில்லை.