இறக்கம்

கொழும்பில் எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் சிங்களச் சொல் ‘பஹினவா’. இறங்கப் போகிறேன் என்று அர்த்தம். நன்றாகவே படித்துக்கொண்டேன். சொல்லத்தான் மறுத்தேன்.

வன்னியிலிருந்து மட்டக்குளிக்கு நாங்கள் வந்து சேர்ந்த வாரமே, மாமா எங்கள் ஒற்றை அறையை பஸ் ஆக்கினார். அவர் அம்மாவின் தமையன். சண்டை முடிவதற்கு வெகுகாலம் முன்பே கொழும்புக்கு வந்து ஊன்றிவிட்டவர். என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு, தானே சாரதியாகவும் கொண்டக்டராகவும் உறுமிக்கொண்டு, பஸ் நிற்கும் ஹோல்ட் வரப்போகிறது, இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பார். நான் “இறக்கம்” என்பேன். எங்கள் ஊர்ப் பக்கத்து பஸ்களில் அந்த ஒரு சொல்லுக்கு எப்பேர்ப்பட்ட சாரதியும் பிரேக்கை மிதித்துவிடுவார். மாமா தலையில் அடித்துக்கொள்வார், தன்னுடைய தலையில்தான். பஹினவா என்று சொல்ல வேண்டும், அதையும் மெதுவாகச் சொல்ல வேண்டும், மற்றப்படி பஸ்ஸுக்குள் வாயே திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

“இறங்கிறது நான்தானே மாமா. என்ர சொல்லில சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

இவன் வாயாலேயே கெடப்போகிறான் என்று அவர் அம்மாவிடம் சொன்னார்.

அறைக்குள் அம்மாதான் நல்ல மாணவி. ஆனால் அறை ஓடுவதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்ட அன்று, பஸ்ஸில் மணிக்கயிறு அறுந்து தொங்கியது. ஹோல்ட் வந்தபோது அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பஸ் எங்களையும் கொண்டு நேரே போனது. கொச்சிக்கடைக் கோவிலடியில் சனம் திரளாக இறங்கியது. அந்தக் கோவிலுக்கு விசேஷமான செவ்வாய்க்கிழமை. நாங்களும் பக்தர்களாக இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தோம். அதற்குள் பள்ளிக்கூட அதிபர் ஆட்களைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. வகுப்பில் ஒரு இடம்தான் மிச்சம், இன்னொரு பிள்ளையும் காத்திருக்கிறது, நாளைக்கு மணி அடிக்க முதல் வந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். துறைமுகத்தடி ஸ்டோரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா அதுவும் போகாதவர். அன்று பின்னேரம் முழுக்க அம்மா பிட்டுக்கு மாக் குழைத்தபடி பஹினவா, பஹினவா என்று செபம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. எங்களுக்கு எப்படியோ ஒரு சீட் கிடைத்தது. ஹோல்ட் நெருங்கியதும் அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. ‘ப’ என்று மட்டும் வந்தது. எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பள்ளிக்கூட மதில் யன்னலுக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கியது.

நான் சீட்டில் ஏறி நின்று, தொண்டை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, “இறக்கம்” என்றேன்.

பஸ் அமைதியாகிவிட்டது. முன்சீட்டில் இருந்த பெண் திரும்பி அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. நான் அதை இழுத்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். கொண்டக்டர் சனத்தை இடித்துக்கொண்டு கிட்ட வந்தான்.

“மொகத, மல்லி?”

என்ன தம்பி என்கிறான் என்பது மாமாவின் பாடத்தில் இல்லாமலே விளங்கியது. அவன் முகத்தைப் பார்த்து, மந்தமான பிள்ளைக்குப் படிப்பிப்பது போல, பிரித்துப் பிரித்துச் சொன்னேன். “இ-றக்-கம்.”

அவன் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டி, “இறக்கம் எகக்” என்று சாரதிக்குக் குரல் கொடுத்தான். இறக்கம் ஒன்று. எங்கள் சொல்லோடு அவர்களுடைய எண் சேர்ந்ததும் பஸ் நின்றது. அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். மிதிபலகையில் நின்ற, தலைமயிரை ஒட்ட வெட்டிய நெடிய மனிதர் ஒருவர் என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, உடைந்த தமிழில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். காட்டினேன். அவர் கேட்காமலே, நாங்கள் மட்டக்குளியில் எந்த ஒழுங்கையில் இருக்கிறோம் என்பதையும் சொன்னேன்.

மணி அடிக்க முதலே போய்விட்டோம். இடம் எனக்குத்தான்.

பின்னேரம் மாமா வந்ததும், அம்மா வாய் திறக்க முதல் நானே முழுக்கதையையும் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“உனக்கென்ன விசரே? இவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறன். நான் ஆரெண்டு பஸ்ஸுக்க ஒருத்தனுக்கும் தெரியாது.”

இத்தனை வருடம் இருந்தும் ஒருவருக்கும் தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “அவன் இறங்க வேண்டிய இடத்திலதான் இறங்கினவன், அண்ணை. நாளைக்கும் அப்பிடித்தான் இறங்குவான்.”

மாமா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அந்த நெடிய மனிதர் என்ன சப்பாத்துப் போட்டிருந்தார், எங்களோடு சேர்ந்து இறங்கினாரா, திரும்ப பஸ்ஸில் ஏறினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வெற்றியை ஒன்றும் விடாமல் கேட்க விரும்புகிறார் என்று நினைத்து, தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து மாமா எங்கள் ஹோல்ட்டில் நிற்கத் தொடங்கினார். எங்களோடு கதைக்கமாட்டார். முன்பின் தெரியாதவர் போலத் தள்ளி நின்று, நாங்கள் முன்கதவால் ஏறினால் அவர் பின்கதவால் ஏறுவார். கம்பியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி வருவார். நாங்கள் இறங்கினால் அவரும் இறங்கி, பள்ளிக்கூடப் படலை சாத்தும்வரை எதிர்ப்பக்கக் கடை வாசலில் நிற்பார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் வந்தார்.

நான் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டுத்தான் வருகிறார், ஒத்துக்கொள்ள வெட்கம் என்று நினைத்தேன். பின்கதவில் தொங்கிக்கொண்டு வரும் மனிதனுக்கும் கேட்கட்டும் என்று, ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விடச் சத்தமாகச் சொன்னேன்.