பூவரசுக்குள் கிடந்த கம்பி

பக்கத்து வீட்டு அண்ணை தன் சங்கிலிவாளைத் தரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“பல்லெல்லாம் இப்பதான் தீட்டினது. இரும்பிலை படவிடாதை.”

“என்ரை மரத்துக்குள்ளை என்னண்ணை இரும்பு? நீங்கள் மதில் கட்டேக்கை இஞ்சாலை அரக்கி என்ரை காணியைப் பிடிக்காமல் விட்டாச் சரி.”

இது என் பழைய பகிடி. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கும் வேலியை எடுத்துவிட்டு அவர் மதில் கட்டப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, காணும்போதெல்லாம் இதையே சொன்னேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். புத்தூரில் இவ்வளவு பொறுமையான மனிதர் வேறு இல்லை.

மறுநாள் மேசன்மார் வருவதாக இருந்தது. வேலிக்கு இரண்டு முழம் இப்பால், என் வளவுக்குள் நின்ற பூவரசை அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் விழுத்தினேன். அடிமரத்தை நறுக்கும்போது பொறி பறந்தது.

நிறுத்திப் பார்த்தேன். மரத்தின் நடுவில் முள்ளுக்கம்பி. மரம் தானாகப் போய்க் கம்பி தின்னாது. ஒருகாலத்தில் வேலிக்கம்பியை அதில் அடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் வேலி இங்கேதான் நின்றிருக்கிறது. வருடா வருடம் அந்த வேலியைப் பிரித்துப் புதிதாக அடைத்தவர் என்னைப் பெற்ற ஐயா. ஒவ்வொரு அடைப்புக்கும் நாலு விரல் அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார் போலும்.

மழுங்கிப்போன வாள்பல்லைத் தீட்டி, ஒன்றும் நடக்காததுபோல் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கையுறை போடாமல், தேங்காய் துருவுவதுபோல் அரத்தை முன்னும் பின்னும் தேய்த்தேன். விரல்தான் வெட்டுப்பட்டது.

மனைவி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். “அண்ணை, ஒருக்கா வாங்கோ. இந்த மனிசன் கையை வெட்டிப்போட்டு நிக்குது.”

அவர் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வருவதற்குள் நான் நறுக்கிய மரக்குத்தியில் குந்திவிட்டேன், கம்பிக்கு மேலேயே.

“வாள் என்னத்திலை பட்டது?”

“ஆணி போலை.”

அவர் பிளக் வயரைக் கழற்றினார். கையுறை போட்டார். வாளை அசையாமல் இறுக்கினார். “முன்னுக்குத்தான் தள்ள வேணும். திரும்பி வரேக்கை அரத்தைத் தூக்கு. கெட்ட பல்லு எவ்வளவு கட்டையோ, மற்றப் பல்லையும் அந்தளவுக்குக் குறைக்க வேணும்.”

என் ஐயாவின் கம்பிக்காக நல்ல பற்களும் தேய்ந்துகொண்டிருந்தன. நான் குத்தியைவிட்டு அசையவில்லை.

தீட்டி முடித்து வயரைக் கொழுவினார். “எழும்பு. உந்தக் குத்தியிலை வெட்டிப் பாப்பம்.”

“இது பச்சை மரமண்ணை.”

“பச்சையிலைதான் வடிவாத் தெரியும்.”

கயிற்றை இழுத்தார். இயந்திரம் உறுமியது. திரும்பவும் கம்பியில் பட்டால் சங்கிலி அறுந்து அவர் மேலேயே அடிக்கும். துள்ளி எழும்பினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் எழும்பவில்லை. முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

“நிப்பாட்டுங்கோ அண்ணை! ஆணியில்லை. உள்ளை வேலிக்கம்பி.”

நிறுத்தினார். கம்பியைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயில் ஏதாவது பகிடி வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

“நாளைக்கு மேசன்மாரை மதிலுக்கு நூல் எங்கை கட்டச் சொல்லட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

பூவரசின் அடிக்கட்டையைக் காட்டினேன்.

“அப்ப என்ரை கருவேப்பிலை?” என்றாள் மனைவி. அது அடிக்கட்டைக்கும் வேலிக்கும் நடுவில் நின்றது.

“அது அண்ணையின்ரை.”

“கறிக்கு வேணுமெண்டா தங்கச்சி வந்து பிடுங்கட்டும்,” என்றார் அவர்.

வாளைத் தூக்கிக்கொண்டு, வேலிப்பொட்டுக்குள்ளால் குனிந்து போனார். குனிவதற்கு முன் வைத்த இரண்டு எட்டும் அவருடைய சொந்த நிலத்தில்தான். கிழிந்த சாரத்தைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.