இசக்கித்தாயின் வெள்ளிக்கிழமைப் பால்

சண்முகையா அண்ணாச்சிக்குக் கலக்காமல் எதையும் நம்பத் தெரியாது. வீட்டில் சாம்பாரைக்கூடக் கரண்டியை அடிவரை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் ஊற்றவிடுவார். மனைவி ஆறுமுகத்தாய் தலையில் அடித்துக்கொள்வாள். மனிதர் கண்டுகொள்ளவே மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் கழுகுமலைச் சாலையோரம் இருந்த ஒரு சின்னப் பால் சங்கத்தில் அவர் பரிசோதகர். வாளிப் பாலை நன்றாகக் கலக்கி, கொஞ்சம் எடுத்துக் கொழுப்புப் பார்ப்பார். அந்தக் கொஞ்சம்தான் முழு வாளிக்கும் சாட்சி, சாட்சி பொய் சொன்னால் ஒருத்தியின் பெயர் கெட்டுவிடும் என்பார். பேச்சு சரிதான். ஆனாலும் தினமும் அங்கே பால் ஊற்றும் இசக்கித்தாயின் பெயர் கெட்டது.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அவள் பசும்பாலில் கொழுப்பு இறங்கிவிடும். கோவில் கூட்டம் வரும் நாளில் டீக்கடைக்குப் பாலை விற்றுவிட்டு, இங்கே தண்ணீரைச் சேர்க்கிறாள் என்று செயலாளர் கோமதிநாயகம் முடிவு கட்டிவிட்டார்.

"இது களவுல்லா? இன்னொரு தடவை இப்படி வந்தா ஒம் பாலை எடுக்க மாட்டோம்."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. வாய் ஓயாமல் பேசுகிற இசக்கித்தாய் அன்று முதல் சங்கத்தில் யாரோடும் பேசவில்லை.

அண்ணாச்சிக்கு மட்டும் கணக்கு இடித்தது. தண்ணீர் கலந்திருந்தால் பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுத்திருக்கும். அது சரியாகத்தான் நின்றது. அடுத்த வெள்ளி விடியும்போதே அவள் தொழுவில் போய் நின்றார்.

முதலில் கன்று முட்டிக் குடித்தது. இசக்கித்தாய் அதை இழுத்துக் கட்டிவிட்டுச் சங்கத்து வாளியில் கறந்தாள். பிறகு மடியைக் கழுவி, மிச்சப் பாலை ஒரு சொம்பில் ஒட்டக் கறந்தாள்.

"அது எதுக்கு தாயி?"

"புத்துக்கு ஊத்த, அண்ணாச்சி. பாம்பு கொத்தியும் மாடு பிழைச்சுதுல்லா? செவ்வாய் வெள்ளி பால் ஊத்துதேன்னு நேந்திருக்கேன். முதப் பாலு கன்னு எச்சில். அதான் கடைசியில கறக்கேன்."

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். கறவையில் கடைசிப் பாலில்தானே கொழுப்பு அதிகம்! வாளிக்கே வராத பாலை எங்கே போய்க் கலக்குவது? விஷயத்தைச் சொல்லி, "எல்லாத்தையும் ஒண்ணா கறந்து கலக்கிட்டு, அதுல சாமிக்கு எடேன்" என்றார்.

"எச்சிலையா? என்னைய கள்ளின்னு சொன்னாலும் சொல்லட்டும், அது மட்டும் முடியாது."

இசக்கித்தாய் குனிந்து மாட்டின் காம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நாலு காம்பும் தனித்தனியாத்தான சுரக்கு? ஒண்ணுல கன்னு வாய் வைக்காம பாத்துக்கிடுதேன். அது முழுசும் சாமிக்கு. மத்த மூணையும் ஒட்டக் கறந்து ஒங்களுக்கு ஊத்துனா?"

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "அது போதும் தாயி!"

செவ்வாய்க்கிழமை அவள் பாலில் கொழுப்பு மற்ற நாள்களைப் போலவே இருந்தது. அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். "சரி, ஊத்திட்டுப் போகச் சொல்லும்" என்றார் கோமதிநாயகம், தலையை நிமிர்த்தாமல்.

இசக்கித்தாய் நகரவில்லை.

"களவுன்னு சத்தம் போட்டுத்தான சொன்னிய? அதே சத்தத்துல இதையும் சொல்லுங்க."

கோமதிநாயகம் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி உதவிக்கு வரவில்லை. செயலாளர் எழுந்து நின்று, சாலை வரை கேட்கும்படி, "இசக்கித்தாய் பால்ல ஒருநாளும் தண்ணி இல்லை. தப்பு எங்க மேலதான்" என்றார்.

அவள் வாளியை நீட்டினாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.