பூரணம் கொடுத்த சிப்பி

பூரணம் காலமான செய்தியை அருங்காட்சியகக் காவலாளிதான் கைபேசியில் சொன்னார். "அய்யா, அம்மா காலையில போயிட்டாங்க. மாரடைப்பாம்." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சிப்பி இருந்தது.

ராமநாதபுரத்தின் அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்து பூரணம் அமைத்த கொலை வழக்குக் கண்காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பாம்பனில் ஒரு சங்கு வியாபாரி கொல்லப்பட்டார். வருகிறவர்கள் சாட்சியங்களைப் படித்து, சோதித்து, மூன்று பேரில் யாரைச் சந்தேகிக்கிறார்களோ அவர் பெயரிட்ட பானையில் ஒரு சிப்பியைப் போட வேண்டும். வியாபாரியின் கூட்டாளி, கரையில் நின்ற சாட்சி, படகோட்டி சந்தியாகு.

சந்தியாகு என் பூட்டன். சிறையிலேயே செத்தவர். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு இன்றும் கொலைகாரன் வீடு என்றுதான் பெயர். அவர் குற்றமற்றவர் என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் அனுப்பிய உறையை எந்தப் பேராசிரியரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

திறப்பு நாளன்று சண்டை போடத்தான் போனேன். சந்தியாகுவின் பானை நிறைந்து கிடந்தது. காரணம், பாம்பன் தீவின் மாதிரியை வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி. சந்தியாகு வடகடலில் உடலைத் தள்ளியதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். உடல் ஒதுங்கியது தென்கரையில். தொட்டியின் வடக்கே வைத்த மின்விசிறிக் காற்றுக்கு ஒரு தக்கை வடக்கிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாக அழகாகத் தெற்கே போய் ஒதுங்கியது.

"ஏம்மா, கொலை எந்த மாசம்?"

"ஆனி, அய்யா."

"ஆனியில வாடையா அடிக்கும்? தென்மேக்கருந்து வர்ற கச்சான் காத்துல்ல! தண்ணி தெக்கருந்து வடக்கல்ல ஓடும்! கடலப் பாத்திருக்கியா நீ?"

முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல காத்துன்னா மழையக் கொண்டார வாடைதான் அய்யா. தப்புப் பண்ணிட்டேன்." எல்லோர் முன்னிலையிலும் விசிறியைத் தானே தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார். தக்கை தெற்கே வர மறுத்தது. பானைகளைக் கவிழ்த்துவிட்டு எல்லோரையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். படித்தவர்களில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சந்தியாகு என் பூட்டன் என்று சொல்லி, அவர் பெயரையே எடுத்துவிடச் சொன்னேன். "பானை இருக்கட்டும் அய்யா. காலியாக் கெடக்கறத நாலு பேரு பாக்கணும்ல" என்றார்.

பிறகு என் கையிலும் ஒரு சிப்பியைக் கொடுத்தார். நேரே சாட்சியின் பானைக்குப் போனேன். குறுக்கே கை நீட்டினார்.

"அந்த ஆளு பொய் சொன்னது தெரிஞ்சுபோச்சு. கொன்னதப் பாத்தீங்களா?"

"அவன்தாம்மா! வேற எவன்?"

"உங்க பூட்டனாரையும் இப்படித்தானே அய்யா சொன்னாங்க?"

கோபத்தில் சிப்பியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் எப்போது போனாலும், "அய்யா, ஒரு சிப்பி இன்னும் வரணுமே" என்று கேலி செய்வார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அங்கே போனேன். சந்தியாகுவின் பானையின் அடியில் இரண்டு சிப்பிகள் கிடந்தன. எடுத்து எறியக் கை துடித்தது. எறியவில்லை. அடுத்து சாட்சியின் பானை முன் நின்றேன். என் சந்தேகம் இன்றும் அவன் மேல்தான். யார் சொன்னாலும் மாறாது. ஆனாலும் சிப்பியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பூரணத்திடமிருந்து எனக்கென்று இருப்பது, எந்தப் பானையிலும் போடாத அந்த ஒரு சிப்பி.