பத்து நாள் கட்டிவைக்கச் சொன்ன டாக்டரம்மா

எடைமேடையில் லாரி ஏறி நின்ற நேரத்தில்தான் போன் வந்தது. கவரைப்பேட்டை மருந்துக்கடை பாபு. "அண்ணா, நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்கண்ணா. காலைல நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." நான் லாரியை இறக்கி ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் செல்வராணி அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்றபின், கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சின்னதாக கிளினிக் வைத்திருந்தார். பெட்டை நாய், பெட்டைப் பூனை வளர்க்கும் யாரும் இந்த வட்டாரத்தில் அவரிடம் திட்டு வாங்காமல் இருந்திருக்க முடியாது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது புரியும். நான் வாங்கியதைச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எனக்குப் பழைய இரும்புக் கடை, யார்டை ஒட்டியே வீடு. கூண்டு செய்யப் பழைய ஆங்கிள் கம்பி வேண்டும் என்று ஒருநாள் டாக்டரம்மா யார்டுக்கு வந்தார். கம்பியைப் பார்த்ததைவிட, தராசுக்குப் பின்னால் ஐந்து குட்டிகளோடு படுத்திருந்த எங்கள் மேஸ்திரியைத்தான் அதிகம் பார்த்தார். மேஸ்திரி என்பது நாயின் பெயர். வேலைக்காரர்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் எதிரே வந்து நின்று முறைக்கும் என்பதால் அந்தப் பெயர்.

"கம்பி கெடக்கட்டும் நைனா. இத எப்போ ஆபரேஷனுக்கு இட்டுக்கினு வர்ற?"

"பாவம் மேடம், இதுதான் மொத ஈத்து..."

"இன்னொரு பொய் சொல்லு. மடியப் பாத்தா தெரியாதா? இது நாலாவதோ அஞ்சாவதோ. போன ஈத்துக் குட்டிங்க எங்க?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். யார்டுக்கு வெளியே நெடுஞ்சாலை. கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலை. அவரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அதற்குமேல் கேட்கவில்லை.

கர்ப்பப்பையை எடுத்தால் நாய்க்குக் கோபம் போய்விடும், காவலுக்கு ஆகாது என்று நான் வாதாடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோவம் கர்ப்பப்பையிலயா கீது? அப்போ ஒனக்கு எப்புடி நைனா இவ்ளோ கோவம் வருது?" யார்டு முழுக்கச் சிரித்தது. குட்டிகள் பால் மறந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினேன்.

முதல்முறை போனபோது ஆபரேஷன் நடக்கவில்லை. வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொல்லியிருந்தார். வழியில் டீக்கடையில் மேஸ்திரி பார்த்த பார்வை தாங்காமல் ஒரே ஒரு பொறை ரொட்டி வாங்கிப் போட்டுவிட்டேன். "ஒண்ணுமே குடுக்கல மேடம்" என்றேன். அவர் குனிந்து நாயின் வாயை முகர்ந்தார். "ஏலக்கா பொறை. கெளம்பு, நாளைக்கு வா."

"ஒரு பொறைதானே மேடம்!"

"மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள பூந்துச்சுன்னா, அந்த ஒரு பொறை போதும் நைனா."

மறுநாள் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: "பத்து நாளு. சங்கிலில. ஓட வுடாத, குதிக்க வுடாத, குளிப்பாட்டாத."

நான் இருபத்தெட்டு வருடமாகப் பேரம் பேசியே பிழைத்தவன். வாய் சும்மா இருக்கவில்லை. "பத்து ரொம்ப அதிகம் மேடம். ஒரு ஆறு போடுங்களேன்."

"இது இன்னா ஒன் கடையா? நானா சொல்றேன், தோலு சொல்லுது. அதுகிட்டப் போய்ப் பேசு."

என் மனைவி கலா செய்தது வேறு கூத்து. வயிற்றைக் கீறித் தைத்த பெண் ஜென்மம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றதும், எங்கள் மகளுக்குச் செய்த பிரசவப் பத்தியத்தை அப்படியே தொடங்கிவிட்டாள். பூண்டை உரித்துக் குவித்துக் குழம்பு வைத்தாள். பால்சுறா வாங்கிப் புட்டும் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து, "தையல் வலிக்குதாடி?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மேஸ்திரி கூம்புக்குள்ளிருந்து எல்லோரையும் முறைத்தது.

டாக்டரம்மா தினமும் பதினோரு மணிக்குப் போன் செய்வார். அன்று கலாதான் எடுத்தாள். பெருமையாகப் பத்தியத்தைச் சொன்னாள். எதிர்முனையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"பூண்டா! ஐயோ, நாய்க்குப் பூண்டு வெசம்மா! அது இன்னா புள்ளையா பெத்துக்கினு வந்துக்குது? இனிமே பெறக் கூடாதுன்னு நானே அறுத்து அனுப்பிக்கிறேன்!"

நல்லவேளை, குழம்பு அப்போது அடுப்பிலேயே இருந்தது. "இவ்ளோ கொழம்ப இன்னா பண்றது?" என்று கலா என்னைப் பார்த்தாள். மூன்று நாள் நான்தான் பத்தியம் சாப்பிட்டேன்.

இதுவரை சிரிப்பு. ஏழாம் நாள் நான் செய்ததுதான் தப்பு.

காயம் காய்ந்திருந்தது. மேஸ்திரி துள்ளிக்கொண்டிருந்தது. ஒருவர் பத்து என்று சொன்னால் அதில் மூன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் சொல்வார் என்பது என் தொழிலில் நான் கற்றது. கூம்பைக் கழற்றினேன், சங்கிலியை அவிழ்த்தேன். அடுத்த நிமிடம் தகடு குவித்திருந்த மேட்டில் ஒரு பெருச்சாளி ஓடியது. மேஸ்திரி ஒரே தாவில் மேலே ஏறிவிட்டது. இறங்கி வந்தபோது வயிற்றிலிருந்து ரத்தம் சொட்டியது.

குட்டியானை வண்டியில் கலா துண்டை வைத்து வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பொன்னேரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் செய்ததும் பந்தியிலிருந்து எழுந்து கிளினிக்குக்கு வந்துவிட்டார். பட்டுப்புடவைக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா ஆச்சு?"

"சங்கிலியிலதான் மேடம் இருந்துச்சு. எப்புடியோ இழுத்துக்கினு..."

அவர் நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கிரீஸும் இரும்புத் தூளும் அப்பியிருந்தன. "ஒன் சங்கிலி எவ்ளோ நீளம் நைனா? யார்டு முழுக்க வருமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "திட்டறதுக்குக் கேக்கல. நக்கிப் பிரிஞ்சதா, குதிச்சுப் பிரிஞ்சதான்னு எனக்குத் தெரியணும். குதிச்சிருந்தா உள் தையலும் போயிருக்கலாம். அது போயிருந்தா கொடல் வெளிய வந்துரும். உண்மையச் சொல்லு."

"குதிச்சுது மேடம். நான்தான் அவுத்து வுட்டேன். ஒரு ஆள் ஒசரத்துலேர்ந்து."

கதவு சாத்தப்பட்டது. கலா ரத்தத் துண்டோடு என்னைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். காவலுக்கு வளர்த்த நாய்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "உள் தையல் நிக்கிது. நான் போட்ட தையலாச்சே." நான் கும்பிட்டேன். "கும்புடெல்லாம் வாணாம். நாயி இங்கதான் இருக்கும், மறுபடியும் பத்து நாளு. ஒன்ன நம்பி இனிமே சங்கிலியக்கூடத் தர மாட்டேன்."

பார்க்கவும் அனுமதி இல்லை. என்னைக் கண்டால் நாய் குதிக்கும் என்பது அவர் கட்சி. எதிரே சைக்கிள் கடை ஓரம் நின்று தினமும் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் உள்ளிருந்து குரல் வந்தது: "மோப்பம் புடிச்சு ஊளையிடுது நைனா! திருடன் மாதிரி நிக்காத, போய்ப் பொழப்பப் பாரு!" பதினோராம் நாள் மேஸ்திரியை என் கையில் கொடுத்தபோது, அது திரும்பித் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவின் சாவுக்குப் போயிருந்தபோது, கிளினிக்கில் வேலை பார்க்கும் அம்சா என்னைத் தனியே அழைத்துப்போய்க் கிளினிக்கின் பின்னறையைக் காட்டினாள். செம்பட்டை நிறத் தெருநாய் ஒன்று, கழுத்தில் கூம்போடு படுத்திருந்தது. பிளாட்பாரத்திலிருந்து டாக்டரம்மாவே பிடித்து வந்து முந்தின நாள் ஆபரேஷன் செய்தாராம். அதுதான் அவர் செய்த கடைசி ஆபரேஷன். "இதுக்குன்னு யாருமில்லண்ணா. இன்னா பண்றதுன்னே தெர்ல" என்று அழுதாள். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாய்தான். தராசுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். இன்று எட்டாம் நாள். காயம் காய்ந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, மேஸ்திரியோடு விளையாட இழுக்கிறது. "நல்லாத்தான கீதுண்ணா, அவுத்து வுடேன்" என்கிறார்கள் யார்டில். என் கண்ணுக்கும் நன்றாகத்தான் தெரிகிறது. அதனால்தான் அவிழ்க்காமல், சங்கிலியின் இந்த முனையைக் கையில் பிடித்தபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.