எங்கள் வளவு நாகதம்பிரான்

புற்றடியில் ஊற்றிய பாலும் உடைத்த முட்டையும் வெயிலில் புளித்து நாறும் நாற்றம்தான் எங்கள் வீட்டு வளவில் குடியிருந்த பாம்புத் தெய்வமான நாகதம்பிரானைப் பற்றி எனக்குள்ள முதல் நினைவு. அதைத் தெய்வ வாசம் என்றவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்கள். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஐயா மலாயாவில் ரெயில்வே வேலையில் இருந்ததால், அவருடைய தமையன், நாங்கள் பெரியையா என்று அழைத்தவர், எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அதிகாரம் பண்ணினார்.

ஆண்டுப் பொங்கலன்று பெரியையாவுக்குக் "கலை" வரும். உடுக்குச் சத்தம் ஏற ஏற, ஈர வேட்டியும் கையில் வேப்பிலையுமாக ஆடி, இரு கைகளையும் தலைக்கு மேல் படமாகக் குவித்துச் சீறி, மணலில் வயிற்றால் ஊர்ந்து, கடைசியில் "கட்டு" சொல்லுவார். அதாவது, நாகதம்பிரான் அவர் வாயால் எங்களுக்கு உத்தரவு போடுவார். பெரியையாவுக்கு ஆகாதவர்கள் எல்லோரும் எப்படியோ நாகதம்பிரானுக்கும் ஆகாதவர்களாகவே இருந்தார்கள். இதை ஒருவரும் வியப்பாக எண்ணவில்லை.

அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். என்னைவிட மூத்த அவருடைய மகன்மார் இருவரும் ஐந்தாம் வகுப்பிலேயே மறுபடியும் குந்தியிருந்தார்கள். என்னை மேலே படிப்பிக்கச் சொல்லி ஐயா கடிதம் எழுதியிருந்தார். பொங்கலன்று பெரியையா என் காலடிவரை ஊர்ந்து வந்து, "இந்தப் பெட்டையை இனிப் பள்ளிக்கு விட்டால் நான் இந்த வளவிலை இருக்கமாட்டன்" என்று சீறினார். பாம்பு தானாகவே போகிறேன் என்றால் புத்தியுள்ள மனுசர் படலையைத் திறந்துவிட வேண்டாமா? எங்கள் சனம் விழுந்து கும்பிட்டது.

அந்த நேரம் பார்த்து, உடுக்குச் சத்தத்துக்கு வெருண்டு, கிடுகு வேலிக்குள் இருந்து ஒரு சாரை வெளியே வந்தது. எலி பிடித்துத் தின்கிற, விஷமில்லாத, வெறும் சாரை. மணலில் கிடந்த நாகதம்பிரான் துள்ளியெழுந்து, அவிழ்ந்த வேட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் படிப்புத் தப்பிவிட்டது என்று நம்பிய மடச் சிரிப்பு அது.

அடுத்த கிழமை பள்ளி தொடங்கியபோது, வெளிக்கிட்டு நின்ற என் கையிலிருந்த புத்தகங்களை அம்மா பறித்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள்.

"சாரைக்குப் பயந்து ஓடினவர் சொன்னதையோ அம்மா கேக்கப்போறியள்?" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடினது உன்ரை பெரியையா. சொன்னது நாகதம்பிரான்."

சாவகச்சேரிக் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசிமாருக்குக்கூட இப்படி ஒரு வாதம் வாய்த்திருக்காது. ஐயாவின் கோபக் கடிதம் கடல் கடந்து வந்து சேர்வதற்குள் பள்ளி இடாப்பில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். பிறகு ஒருவழியாக மேல்வகுப்புக்கு ஏறிய பெரியையாவின் மகன்மார் விரித்தும் பாராத புத்தகங்களைக் களவாக வாசித்துத்தான் நான் இவ்வளவும் எழுதக் கற்றேன்.

இப்போது அந்தப் புற்றும் இல்லை, கலையாடுவாரும் இல்லை. உடுக்கடிக்கத் தெரிந்த ஒருவரும் ஊரில் மிச்சமில்லை என்று, கலியாண வீடுகளில் சந்திக்கிற உறவினர் பெருமூச்சு விடுகிறார்கள். நான் ஏழாம் வகுப்பில் கால் வைக்கவேயில்லை. அதற்காக இவர்களில் ஒருவரும் பெருமூச்சு விட்டதை நான் கேட்டதில்லை.